கைபேசிச் சித்தரும் ராசாங்கத்தின் ஆபரேஷனும்

பூலாம்பாடிக்கு வெளியே, மக்காச்சோளக் காட்டோரம் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே கைபேசிச் சித்தர். வெளியே கூட்டம். கூட்டமென்றால் சாதாரணக் கூட்டமா? எறும்புகூட டோக்கன் வாங்கித்தான் உள்ளே போனது! பெரம்பலூர் டவுன் பஸ் சாய்ந்துகொண்டே வந்து, ஆட்கள் இறங்கியதும் நிமிர்ந்தது. அரியலூரிலிருந்து வேன், ஜெயங்கொண்டத்திலிருந்து டிராக்டர். சந்திர மண்டலத்திலிருந்து மட்டும் யாரும் வரவில்லை. பஸ் வசதி இல்லை.

மற்ற சாமியார்கள் கையைப் பார்ப்பார்கள். இவர் செல்போனைப் பார்ப்பார். போனுக்குப் பட்ட திருஷ்டி கழிந்தால் குடும்பத்தைப் பிடித்த பீடை விலகுமாம். ஆயுத பூஜைக்கு மண்வெட்டிக்கே பொட்டு வைக்கிற ஊரில் இது நியாயமாகத்தானே படும்?

விதி ஒன்றுதான். போனைத் தாம்பாளத்தில் வைக்கும்முன் லாக்கை எடுத்துவிட வேண்டும்.

"பூட்டுன வூட்டுக்குள்ள சாமி எப்படிய்யா நுழையும்?" என்பான் சீடன் தமிழரசன். நல்ல கேள்வி. திருடனும் அதையேதான் கேட்கிறான்!

தாம்பாளம் மஞ்சள் திரைக்குப் பின்னால் போகும். கற்பூரம் எரியும், மணி அடிக்கும், ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பிறகு சித்தர் கண்ணை மூடி அருள்வாக்கு சொல்வார்.

"திருப்பூரில் இருக்கும் உன் மச்சான் உன்னோடு பேசுவதில்லை, மகனே!"

குறி கேட்க வந்திருந்த வெள்ளைச்சாமி வெட்டிய வாழை மாதிரி விழுந்தார். மச்சானை வாட்ஸ்அப்பில் அன்று காலையில்தான் வண்டி வண்டியாகத் திட்டியிருந்தார் என்பது அவருக்கே நினைவில்லை. போனே இல்லாத ஒரு பெரியவர் வந்தபோது மட்டும் சித்தரின் ஞானக்கண் மங்கிவிட்டது. "போன் வாங்கிக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்பினார். யாருக்காவது சந்தேகம் வந்ததா? ஊஹூம். பெரியவர் போன் வாங்கப் போய்விட்டார்!

இந்தக் கூட்டத்தில் அண்ணாதுரையும் ஒருவர். கிணறு வற்றி, சின்ன வெங்காயம் காட்டோடு கருகிக்கொண்டிருந்தது. போர் போடுவதற்காக மனைவி சசிகலாவின் நகைகளை விற்றுப் பணத்தை பேங்கில் போட்டிருந்தார். அது போனால் அடுத்து விற்கக் காடுதான் பாக்கி.

"போருக்கு வைத்த பணத்தில் நாகதோஷம் இருக்கிறது" என்றார் சித்தர். "வெள்ளிக்கிழமை பூசையின்போது உன் போனுக்கு ஆறு இலக்கத் திருவெண் வரும். என் காதில் மட்டும் சொல். தோஷம் இறங்கும்."

கூடவே பணமும் இறங்கும் என்பதைச் சொல்லவில்லை. அடக்கமான மனிதர்.

வீட்டில் சசிகலா விடவில்லை.

"பேங்குல பணம் கெடக்குறது அந்த ஆளுக்கு எப்படிங்க தெரியும்?"

"ஞானக்கண்ணுடி!"

"பேங்குலேருந்து வந்த மெசேஜ படிக்க ஊனக்கண்ணே போதுங்க. ஏடிஎம் கார்டையும் முன்னயும் பின்னயும் போட்டோ புடிச்சு அதே போன்ல வச்சிருக்கீங்க. இனிமே அவனுக்கு வேண்டியது ஓடிபி ஒண்ணுதான்."

"சாமிய சந்தேகப்பட்டா நாக்கு அழுவிப் போயிரும்!"

"போனா என் நாக்குதானே? நகைதான் போயிருச்சு, நாக்காவது வேலை செய்யட்டும்."

ஜெயங்கொண்டத்தில் இருக்கும் தங்கை அம்பிகாவை வரவழைத்தாள். அக்காவும் தங்கையும் உட்கார்ந்து சிரித்துச் சிரித்து, போனுக்குப் போன் சில மெசேஜ்களை அனுப்பிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை. அண்ணாதுரை போனைக் கையில் பிடித்தபடி திருவெண்ணுக்குக் காத்திருந்தார். அவருக்கு முன்னால் வரிசையில் நுழைந்தாள் சசிகலா.

"ஏய், நீ எங்கடி வந்த?"

"குறி கேக்கத்தான். உங்களுக்கு மட்டுந்தான் சாமியா?"

தாம்பாளத்தில் அம்பிகாவின் போனை வைத்தாள். திரை மூடியது. மணி அடித்தது. சித்தர் உடல் நடுங்கி முழங்கினார்.

"மகளே! திருச்சி ஆஸ்பத்திரியில் ராசாங்கத்துக்கு ஆபரேஷன்! உயிர் ஊசலாடுகிறது! அவன் உன் புருஷன். அவனுக்கு இன்னொரு சம்சாரமும் உண்டு!"

கூட்டம் உச்சுக் கொட்டியது. உயிரோடு நின்ற புருஷன் அண்ணாதுரை வாயைப் பிளந்தார்.

"அவன் ஆஸ்பத்திரியில இல்லீங்க சாமி, வெளியில ஆட்டோவுல நிக்கிறான். அம்பிகா, கூட்டிட்டு வாடி!"

ராசாங்கம் வந்தான். நாலு காலில் வந்தான். கொம்போடு வந்தான். வந்ததும் சித்தரின் துளசி மாலையை ஒரே கடி. மாலையோடு சேர்ந்து சித்தரின் ஜடாமுடிக்குள்ளிருந்து ஒரு கறுப்பு வயரும் வந்தது. வயரின் நுனியில் காதுக்குள் வைக்கும் ஒலிபெருக்கி. அதிலிருந்து தமிழரசனின் குரல், "குருவே, ரத்தம் ரெண்டு பாட்டில்னும் சொல்லுங்க!"

"ராசாங்கம் எங்க வூட்டுக் கெடா. அந்த மெசேஜெல்லாம் நாங்க சும்மா எழுதுனது" என்றாள் சசிகலா. "போன்ல பொய் இருந்தா சாமியும் பொய் சொல்லுது பாருங்க."

அந்த நேரம் பார்த்து அண்ணாதுரையின் போன் சிணுங்கியது. ஆறு இலக்கம். பணத்தை எடுக்கப்போகும் ரகசிய எண், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று பேங்க்கே அதிலேயே எழுதியிருந்தது.

"சொல் மகனே, நேரம் போகிறது!" என்றார் சித்தர். ஆடு மாலையைத் தின்றுகொண்டிருக்கும்போதும் தொழில் பக்தி!

அண்ணாதுரை சசிகலாவின் வெறும் கழுத்தைப் பார்த்தார். போனை மடியில் செருகிக்கொண்டார்.

"சொல்ல மாட்டேன்யா."

வெள்ளைச்சாமி திரையைக் கிழித்தார். உள்ளே தமிழரசன் மடியில் லேப்டாப், சுற்றிலும் தட்டில் இட்லி மாதிரி போன்கள். அம்பிகா 1930-க்கு அடித்தாள். சைபர் கிரைம் போலீஸ் வந்து, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-டி என்றார்கள். கணினி வழி ஆள்மாறாட்ட மோசடி, மூன்று வருடம் வரை உள்ளே. ஏற்கெனவே திருவெண் ஓதியவர்களிடம், "பணம் போனதும் உடனே 1930-க்குச் சொல்லியிருந்தா, போற வழியிலயே மறிச்சிருக்கலாமேங்க" என்றார் இன்ஸ்பெக்டர். அவர்கள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள்.

பணம் தப்பியது. அடுத்த வாரமே காட்டுக்குப் போர் வண்டி வந்தது. எங்கே துளை போடுவது என்று கேட்டபோது, அண்ணாதுரை பக்கத்து ஊரிலிருந்து ஒருவரைப் பயபக்தியோடு அழைத்து வந்தார். அவர் உள்ளங்கையில் தேங்காய். தண்ணீர் இருக்கும் இடத்தில் அது தானாக எழுந்து நிற்குமாம்!

சசிகலா தலையில் அடித்துக்கொண்டாள்.

பணம் தொலைந்தால் சொல்ல 1930 இருக்கிறது, அய்யா. புத்தி தொலைந்தால் எந்த நம்பரும் கிடையாது. நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும்.