டிவி டாக்டரின் வைத்தியம்

மகள் திறந்தபடியே விட்டுப்போன மடிக்கணினியின் திரை கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. முழுக்கக் கறுப்பு. இடது ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி வந்து மறைந்தது. பிறகு நடுவில் ஒன்று. பிறகு எதுவுமில்லை. மறுபடி மேலே இரண்டு.

அப்பா கையிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்தார். முப்பத்திரண்டு வருடம் டிவி பழுதுபார்த்தவர் அவர். தெருவில் அவருக்கு டிவி டாக்டர் என்றே பெயர்.

"இன்னைக்குன்னு பாத்து படுத்துது," என்றார்.

பதினொரு மணிக்கு மகளுக்கு முனைவர் பட்டத்தின் கடைசித் தேர்வு. மூன்று பேராசிரியர்கள் இதே திரையில் வந்து கேள்வி கேட்பார்கள். நாலு வருட உழைப்பு. வீட்டில் வேறு கணினி கிடையாது. மகளோ பைண்டிங் கடையில் ஆய்வேட்டை வாங்கிவரப் போயிருந்தாள். மணி ஒன்பதரை.

"அவளுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்," என்றாள் அம்மா.

"பரீட்சைக்குப் போற பிள்ளைய எதுக்குப் பதற வைக்கணும்? அவ வர்றதுக்குள்ள முடிச்சிருவேன்."

"மிக்ஸியையும் அப்படித்தான் முடிச்சீங்க."

அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. அந்தக் கணினியில் திறந்தமூல இயங்குதளத்தைப் போட்டதே அவர்தான். திறந்து பார்க்க முடியாத எதையும் அவர் வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. மகள் பூச்சிகளைப் பற்றி ஆராய்கிறாள் என்ற அளவுக்கு அவருக்குத் தெரியும். கரப்பான்பூச்சிக்கு மருந்து கண்டுபிடிக்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அவள் கூச்ச சுபாவம். பக்கத்து வீட்டு அக்கா மருந்து எப்போது வரும் என்று கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

அம்மாவின் கைபேசியில் தேடினார். திரை மினுங்கினால், திரையை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும் என்று பதினாலு பேர் எழுதியிருந்தார்கள். தனக்கு அது முதலிலேயே தெரியும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஒற்றை விரலால் கட்டளையைத் தட்டினார். புது டிரைவர் இறங்கியது. கணினி அணைந்து எழுந்தது.

மினுங்கல் போயிருந்தது. ஆனால் எழுத்தெல்லாம் செங்கல் செங்கலாக நின்றது. ஒரு திரைக்கு இரண்டு சொல்தான் கொண்டது.

"கண்ணாடி போடாமலே படிக்கலாம் போல," என்றாள் அம்மா.

புதியதை நீக்கிவிட்டுப் பழையதைப் போட்டால் சரியாகிவிடும் என்றார். நீக்கினார். நீக்கும்போது, கூடவே இன்னும் நாற்பத்தொரு மென்பொருள்களையும் எடுக்கட்டுமா என்று கணினி பணிவாகக் கேட்டது. இவரும் பணிவாகச் சம்மதித்தார்.

இந்த முறை எழுத்தே இல்லை. கறுப்புத் திரையின் மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் தோன்றித் தோன்றி மறைந்தது.

"இப்பவும் கண்ணுதான சிமிட்டுது," என்றாள் அம்மா.

மணி பத்து இருபது. அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பத்து வீட்டு டிவியைப் பிரித்துப் போட்டபோதுகூட இப்படி வியர்த்ததில்லை. அம்மா பேச்சை நிறுத்திவிட்டு மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

கடைசியில், எங்கோ யாரோ முகம் தெரியாத புண்ணியவான் எழுதியிருந்ததைக் கண்டார். கணினி எழும்போது வரும் தொடக்கக் கட்டளையின் கடைசியில் ஒரு சொல்லைச் சேர்த்தால் டிரைவரே இல்லாமல் திரை வரும். சேமித்து வைத்த வீடியோ மட்டும் ஓடாது, முதல் காட்சியிலேயே நின்றுவிடும்.

"தேர்வுல பேசத்தான போறா, சினிமாவா காட்டப் போறா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அந்தச் சொல்லைச் சேர்த்தார்.

திரை வந்தது. எழுத்து அளவாக இருந்தது. கேமராவில் அவர் முகம் தெரிந்தது. ஐந்து நிமிடம் இமைக்காமல் பார்த்தார். திரையும் இமைக்கவில்லை.

பத்து ஐம்பதுக்கு மகள் வந்தாள். அப்பா நாற்காலியைத் துடைத்துவிட்டார்.

"ஒரு சின்னக் கோளாறு இருந்துச்சும்மா. சரி பண்ணிட்டேன். தைரியமா உக்காரு."

அவளுக்கு எதையும் சோதித்துப் பார்க்க நேரமில்லை. உட்கார்ந்தாள். அப்பாவும் அம்மாவும் கதவுக்குப் பின்னால் நின்றார்கள்.

வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூட வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் பெண், ஒரு மணி நேரம் தடங்கலில்லாமல் பேசினாள். கேள்விகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். அப்பாவுக்குப் பாதி புரியவில்லை. புரியாததில்தான் பெருமை அதிகமாக இருந்தது.

"இனி வீட்டுல ரெண்டு டாக்டர்," என்று அம்மாவின் காதில் சொன்னார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒருத்தராவது படிச்ச டாக்டர்," என்றாள்.

மூத்த பேராசிரியர் தொண்டையைச் செருமினார். பட்டத்தைப் பரிந்துரைப்பதில் மூவருக்கும் ஒரே கருத்து என்றார். ஆய்வேட்டில் அவள் குறிப்பிட்டிருந்த ஒரு நிமிட வீடியோப் படத்தை மட்டும் கடைசியாகப் பார்த்துவிடலாம் என்றார்.

மகளின் குரலில் முதல்முறையாகப் பெருமிதம் கேட்டது. "நாலு வருஷம் இருட்டுல காத்திருந்து எடுத்தது, சார். என் ஆராய்ச்சியோட உயிரே இதுதான்."

திரை கறுப்பானது. அப்பா கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை, ஒரு சிமிட்டல் இல்லை, பாறை மாதிரி நின்றது. அம்மாவைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

அந்த ஒரு நிமிடமும் கடந்தது. பிறகு பேராசிரியரின் குரல் கேட்டது.

"எல்லாம் சரிம்மா. உங்க மின்மினிப் பூச்சி ஏன் மின்னவே மாட்டேங்குது?"