ஆறடி அண்ணாச்சியும் நான் சொன்ன அச்சாவும்

தில்லி துவாரகாவில் அடுத்தவர் பால்கனியை ஆறடி அண்ணாச்சி அளவுக்கு அளந்து பார்த்த மனிதர் வேறு யாரும் கிடையாது. ஆள் ஐந்தடிகூட இல்லை. துணி உலர்த்தும் டிரையரின் காற்றுக்குழாய்க்கும் ஏசியின் வெளிப்பெட்டிக்கும் நடுவே ஆறடி வேண்டும் என்று எங்கள் சொசைட்டி முழுக்கச் சொல்லித் திரிந்ததால் வந்த பெயர் அது.

எங்கள் வீட்டில் அப்போது ஒரு மாதக் குழந்தை. மே மாதப் புழுதியில் கொடித் துணியெல்லாம் காவி நிறத்தில் திரும்பி வந்ததால் டிரையர் வாங்கினேன். குழாயை ஏசிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே விடச் சொன்ன மேதையும் நான்தான். மேல்மாடியிலிருந்து அண்ணாச்சி டேப்போடு இறங்கி வந்தார்.

“தம்பி, ரெண்டடிதான் இருக்கு. துணிப்பஞ்சும் சூடும் பூராம் ஏசிக்குள்ள போயி அடையும். சொல்லுதேன்லா, மாத்திரு.”

“அச்சா அண்ணாச்சி, அச்சா.”

தில்லியில் பத்து வருடம் இருந்து நான் உருப்படியாகக் கற்ற இந்தி அந்த ஒரு சொல்தான். ‘சரி’ என்றும் பொருள், ‘அப்படியா’ என்றும் பொருள். ‘ஆளை விடுங்கள்’ என்பது நானாகச் சேர்த்துக்கொண்டது.

பத்தாம் நாள் ஏசி படுத்துவிட்டது. மெக்கானிக் பையா வெளிப்பெட்டியைத் திறந்தார். உள்ளே கம்பளிபோல் பஞ்சு. குளிருக்கு இதில் ஒரு ரஜாய், அதுதான் பஞ்சுப் போர்வை, தைக்கலாம் என்று இந்தியில் சிரித்தார். சுத்தம் செய்யச் சாயங்காலம் ஆகுமாம். குழந்தை வெக்கையில் சிவந்து வீறிட்டது. எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. அந்த நிலையிலும் மனைவியிடம் நான் சொன்னது, “அண்ணாச்சிக்குத் தெரிய வேண்டாம்.”

காலிங் பெல் அடித்தது. அண்ணாச்சிதான். பக்கத்தில் ஒரு கொத்தனார், அவர் கையில் நீளக்குழாய்.

“நீதான அச்சான்னு சொன்ன? கொழாய மாத்த இவரப் பிடிக்கப் பத்து நாளாச்சு பாத்துக்கோ.” அழுகை காதில் விழுந்ததும் குரல் மாறியது. “பிள்ளய மொதல்ல எங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போ. அங்க ஏசி ஓடுது. ஜல்தி!”

சாயங்காலம் வரை என் மகள் மேல்மாடியில் தூங்கினாள். ‘அன்னைக்கே சொன்னேம்லா’ என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை எதிர்பார்த்து எதிர்பார்த்தே நான் களைத்துப் போனேன்.

போன வருடம் மகனோடு புனேவுக்குக் குடிபோய்விட்டார். அவ்வளவு தூரம் தேவையே இல்லை அண்ணாச்சி, ஆறடி போதும்.