அகமலை ஆப்பிளின் எடை இழப்பு

பழத்தை யார் வேண்டுமானாலும் தின்னலாம். அது பழம்தான் என்று நிரூபிக்க ஓர் அலுவலகம் வேண்டும். 1974-இல் அந்தப் பெருமை பெரியகுளத்தில் எங்கள் ‘பழ ரக ஆய்வுப் பிரிவு’க்கு வாய்த்தது. பகலில் நான் அங்கே தற்காலிக எழுத்தர்; மாலையில் தட்டச்சு வகுப்பு. என் நாட்குறிப்பில் உள்ளதையே தருகிறேன். தவறிருந்தால் என்னுடையது.

அகமலையில் முருகம்மாள் வீட்டருகே மேட்டில் வெள்ளைக்காரத் துரை காலத்து ஆப்பிள் மரம் ஒன்று. அந்த மேட்டைத் திருத்திக் காப்பி நாற்றங்கால் போட உத்தரவாகியிருந்தது. ‘பரம்பரை ரகம்’ என்று நாங்கள் சான்று கொடுத்தால் மரம் தப்பும். அவ்வருடம் காய்த்த பன்னிரண்டு பழங்களையும் அவர் சுமந்து வந்து கொடுத்தார்.

தலைவர் ஜெபமணி படிவத்தைப் பிரித்தார். நிறம்: மஞ்சளில் சிவப்புக் கீற்று. மணம்: ஏலக்காய். (கூடை ஏலக்காய்க் கூடையோ என்று பிறகு சந்தேகம் வந்தது.) சுவைக்காக மூன்று பழம் அறுத்தார்கள். புளிப்பு முந்தியதா, இனிப்பு முந்தியதா என்று உதவியாளர் தங்கபாண்டிக்கும் கிடங்குப் பொறுப்பாளர் ஜேசுராஜுக்கும் கருத்து வேறுபாடு. ‘அறிவியல் முறைப்படி’ தீர்க்க இன்னும் மூன்று. எனக்கும் ஒரு கீற்று கிடைத்தது.

மீதி ஆறும் சேமிப்புச் சோதனைக்கு. திங்கட்கிழமைதோறும் எடை போட வேண்டும். முதல் திங்கள் எழுநூற்று இருபது கிராம். அலமாரியில் வைத்துப் பூட்டினோம். செவ்வாயன்று மதுரையிலிருந்து மேலதிகாரி வந்தார்: இரண்டு. புதனன்று ஜெபமணி சாரின் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள்: மூன்று. ஒற்றைப் பழத்தை வைத்து என்ன சோதிப்பது என்று வியாழனன்று தங்கபாண்டி வருந்தினார். வருத்தத்தை மூவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

அடுத்த திங்கள், விதிப்படி வெறும் தட்டை எடை போட்டேன்.

“என்ன சார் எழுத?” என்று ஜெபமணியைக் கேட்டேன்.

“தராசு காட்டுறத எழுதுப்பா. அது நம்ம கையிலயா இருக்கு?”

‘ஏழு நாளில் எடை இழப்பு: நூறு சதவீதம். பாதுகாக்கத் தகுதியற்ற ரகம்.’ பிழையின்றி மூன்று படி தட்டச்சு செய்தேன்.

வெள்ளியன்று முருகம்மாள் வந்தார். மறுநாள் மரத்தை வெட்டப்போவதாக ஆள் வந்து சொல்லியிருந்தான். நான் முடிவை வாசித்துக் காட்டினேன்.

“எங்க வீட்டுப் பரண்ல எலி, அணிலு எல்லாம் உண்டு தம்பி. அங்கனயே போன வருசத்துப் பழம் மூணு மாசம் கிடந்துச்சு,” என்றார். “இங்கன பூட்டுல்ல போட்டு வச்சீக.”

அவர் போனபின் படிவத்தைப் பார்த்தேன். ‘இந்த ரகத்தைத் தாக்கும் பூச்சிகள், பிற உயிர்கள்’ என்ற கட்டம் காலியாக இருந்தது. மூன்று பெயர்களைத் தட்டச்சு செய்தேன். ஏதோ விடுபட்டதுபோல் இருந்தது. நான்காவதாக என் பெயரையும் சேர்த்ததும் சரியாகிவிட்டது.