சூடாகச் செத்த லேப்டாப்

இந்த வீட்டில் இனி ஒன்று நான் இருக்க வேண்டும், இல்லை என் லேப்டாப் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். என் மனைவி புஷ்பவல்லியிடம் சொன்னால் லேப்டாப்பைத்தான் வைத்துக்கொள்வாள் என்பதால் சொல்லவில்லை.

எண்ணூர் கன்டெய்னர் யார்டில் எனக்கு நைட் ஷிப்ட். பகலில் படுத்தால் தூக்கம் வராது, பழைய நினைப்பெல்லாம் வரும். அதற்கு மருந்து லேப்டாப்தான். அதில் நானாகவே கற்றுக்கொண்டேன்: செஸ், கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் வானசாஸ்திரம். ஆனால் அதற்கு வயதாகிவிட்டது. பட்டனை அழுத்திவிட்டுக் குளித்து, சாப்பிட்டு வந்தால் அப்போதுதான் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். ஃபேன் போடும் இரைச்சலில், வாசலில் டிரெய்லர் லாரி நிற்கிறதென்று நினைத்துப் பக்கத்து வீட்டு கோவிந்தம்மா, "வண்டிய ஓரம் கட்டுய்யா!" என்று கத்துவாள்.

"புதுசு வாங்கலாம் புஷ்பா."

"இன்னாத்துக்கு? ரிப்பேர் பண்ணு."

"வயசாயிடுச்சும்மே."

"உனுக்குந்தான் வயசாயிடுச்சு. மாத்துனனா?"

திட்டம் போட்டேன். திருவொற்றியூரில் லேப்டாப் கடை வைத்திருக்கும் ஷாகுல் ஹமீதிடம் காலையிலேயே அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "பாய், சம்சாரத்த இட்டுகினு வரேன். செத்துப்போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லு. புதுசு உன் கடையிலதான்."

கவலைப்படாதே என்பது போல பாய் நெஞ்சில் கை வைத்தார்.

மத்தியானம், மீன் விற்று முடித்த காலிக் கூடையோடு புஷ்பவல்லி வந்தாள். நாங்கள் கடைக்குள் நுழைந்தபோது பாய் எதையோ படக்கென்று மூடினார். என் லேப்டாப்! பாவி மனுஷன் அதில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"செத்துப்போச்சுக்கா," என்றார் தழுதழுத்த குரலில். "உள்ள போர்டு மொத்தமா காலி."

புஷ்பவல்லி அதைத் திருப்பிப் போட்டு, கெட்ட மீனா என்று சோதிப்பது போல அடிவயிற்றில் அழுத்திப் பார்த்தாள்.

"எப்ப செத்துது பாய்?"

"காலையிலேயேக்கா."

"வயிறு இன்னும் கொதிக்குதே?"

பாய் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"வெயிலுக்கா..."

"சர்தான்." என் பக்கம் திரும்பினாள். "யோவ், செத்தது உனுக்கு வாணாம்ல?"

"வாணாம்."

"ஒரு தரம்."

"அதான் வாணாம்னேனே."

"ரெண்டு தரம்."

"எனக்கு எதுக்கும்மே பொணம்?"

"மூணு தரம்! பாய், நீ சாட்சி. இத்த நான் எடுத்துக்கினேன். எஸ்எஸ்டி போடு, ரேம் ஏத்து, ஃபேனத் தொடச்சிக் குடு. மீன் ஆர்டர் எழுத ஓணும்."

"எஸ்எஸ்டியா? அது உனக்கு எப்படித் தெரியும்?"

"வஞ்சிரம் வாங்க வர்ற ஐ.டி. பசங்க, நான் துண்டு போடுற வரிக்கும் வேற இன்னா பேசுவானுங்க?"

"அப்ப எனக்குப் புதுசு?"

"இப்பத்தான் செத்துகீது. காரியம்கூட முடியல. அதுக்குள்ள புதுசு தேடுறியே, வெக்கமால்ல?"

பாய் அதற்குள் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டார்.

இப்போது அது பட்டனிலிருந்து விரலை எடுப்பதற்குள் விழித்துக்கொள்கிறது. சத்தமே இல்லை. கோவிந்தம்மாவுக்கு நிம்மதி. எனக்குத்தான் பகலெல்லாம் கூரையும் பழைய நினைப்பும். நேற்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"கொஞ்ச நேரம் தொட்டுக்கட்டுமா?"

"தொட்டுக்கோ. பாஸ்வேர்டு போட்டுகீறேன்."

"இன்னா பாஸ்வேர்டு?"

செதில் உரசுவதை நிறுத்தாமல் சொன்னாள்: "'பொய் சொன்னேன் புஷ்பா.' தொறக்கறப்பலாம் அடிக்கணும்."

அடித்துக்கொண்டிருக்கிறேன்.