பட்டன் வைத்த போன்

ஞாயிற்றுக்கிழமை ஜீவனின் மகள் லதுஷாவுக்குக் காது குத்து. வெலிமடையில், மனைவி யசோதினியின் அம்மா வீட்டில். அதே ஞாயிற்றுக்கிழமைதான் பதுளையில் கிரிக்கெட் மெட்ச். மெட்சுக்குத்தான் போவது என்று ஜீவன் தீர்மானம் எடுத்துவிட்டான். அதை வீட்டில் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

“பெக்டரியில லீவு இல்ல. தேயிலக் கொழுந்து குவிஞ்சு கெடக்கு” என்றான், சாவு வீட்டுக்குப் போகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

“பெத்த அப்பன் இல்லாமலாங்க காது குத்துறது?” என்றாள் யசோதினி.

“மாமன் மடியில வச்சுத்தானே குத்துறது? ஒன் தம்பி இருக்கான்ல?”

அவள் அவன் சட்டைப் பையில் இருந்த போனைப் பார்த்தாள். அதை அவன் யார் கையிலும் கொடுக்கமாட்டான். குளிக்கப் போனாலும் தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் உறையில் போட்டு எதிரே வைத்துக்கொள்வான்.

மறுநாள் கொழும்பிலிருந்து தம்பி கொடுத்தனுப்பிய பார்சல் வந்தது. அக்காவுக்குப் புது போன், புது சிம். முழுக்கக் கண்ணாடி. கீழே பட்டனே இல்லை. திரையிலேயே மூன்று அடையாளம். ஜீவனுடைய போனிலோ ஒரு பட்டன், அதுவும் அமுக்கி அமுக்கிக் குழி விழுந்தது. புது போன்மேல் அவனுக்கு ஆசை வந்துவிட்டது.

“இது ஒனக்குச் சரிவராது யசோ.”

“ஏங்க?”

“பட்டன் இல்ல பாரு. ஒன் வெரலு கொழுந்து பறிச்சுக் காய்ச்சுப்போன வெரலு. பெரட்டுல கைரேகை மெஷினே ஒன்னத் தெரியாதுங்குது. இது மட்டும் தெரியும்னு சொல்லுமா?”

பொய்யில்லை. காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் பதியும்போது அந்த மெஷின் முன்னால் அவள் விரலை மூன்று தடவை சேலையில் துடைக்க வேண்டும்.

அவள் திரையில் குத்தினாள். அசையவில்லை. இன்னொரு தடவை. ஐந்து தடவை. அவள் உதடு துடித்ததைப் பார்த்து ஜீவனுக்கே பாவமாகப் போய்விட்டது.

“அப்ப நீங்களே வச்சுக்கங்க” என்றாள். “எனக்கு ஒங்க பட்டன் போனு போதும்.”

மனசு மாறிவிடுவாளோ என்று அவன் அந்த நிமிஷமே சிம்மை மாற்றிப் போட்டான். அவசரத்தில் பழைய போனில் எதையும் அழிக்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் அவள் பேக்கில் உடுப்பு வைத்துக்கொண்டிருந்தாள். அவனுடைய நீலச் சட்டையும் உள்ளே போனது.

“என் சட்டை எதுக்குடி?”

“காது குத்துக்கு.”

“லீவு இல்லன்னு சொன்னேன்ல?”

அவள் பழைய போனின் பட்டனை அமுக்கினாள். போன் முழித்தது. பிறகு விரல் நுனியால் திரையைத் தொட்டாள். அப்போதே அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஏனென்றால் போனுக்குள்ளிருந்து அவனே பேசினான்:

“றுஷ்தி, மெட்சுக்கு வந்துருவேன் மச்சான். வீட்டுல பெக்டரின்னு சொல்லிட்டேன். நம்பிட்டா, பாவம்!”

போனில் லீவு கொடுத்துவிட்டு, பிறகு கொடுக்கவேயில்லை என்று பெக்டரி ஆபீசில் சாதிக்கிறார்கள் என்பதற்காக, போனில் பேசுவதெல்லாம் தானாகப் பதிவாகும்படி ஜீவன்தான் ஒருநாள் வைத்திருந்தான். போனுக்குள் அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். வெளியே நின்றவன் சிரிக்கவில்லை.

“நீலச் சட்டையா, வெள்ளையா?” என்று கேட்டாள்.

“நீலம்” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மாமன் மடியில் இருந்த பிள்ளை, ஊசியைக் கண்டதும் “அப்பா!” என்று வீரிட்டு, பக்கத்தில் நின்ற ஜீவனின் விரலைப் பிடித்துக்கொண்டது. அவனுக்கு மெட்ச் ஞாபகமே வரவில்லை. இரண்டு காதும் குத்தி முடியும்வரை விரலை எடுக்கவுமில்லை.

“போனைத் தாங்க. போட்டோ எடுக்கணும்” என்றாள் யசோதினி.

“ஒன் வெரலுக்குத்தான் அது வேலை செய்யாதே” என்றபடி திறந்து கொடுத்தான்.

எடுத்தாள். பார்த்தாள். பின்னுக்குப் போகும் அடையாளத்தைத் தொட்டாள். இன்னொன்று எடுத்தாள். திரையில் இருந்த மூன்று அடையாளமும் அவள் விரலுக்கு ஓடி ஓடி வேலை செய்தன.

ஜீவன் வாயைப் பிளந்தான். “அன்னைக்கு அசையவே இல்லையே!”

புது போனைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு யசோதினி அடக்கமாகச் சொன்னாள்:

“அன்னைக்கு நகத்தால தொட்டேங்க.”