வலை ஊஞ்சல் யாருக்கு?

மெத்தைக்கடைக்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். பெற்ற பிள்ளைகள் இரண்டும் ஒரே வாரத்துக்குள் தன்னைக் கண்டாலே தலைதெறிக்க ஓட வேண்டும்!

கொடுமைக்கார மனுஷன் என்று நினைத்துவிடாதீர்கள். பாவம், தூக்கத்துக்கு ஏங்கிப்போன மனுஷன். மெத்தை விற்று ஊரையே தூங்க வைப்பவர். அவர் கண்ணை மூடினால் மட்டும் வயிற்றின் மேல் இரண்டு பேர் குதிரை ஓட்டுவார்கள். பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு நாலு. இதற்காகவே கடையிலிருந்து வந்ததும் ஆளுக்கொரு சாக்லேட்டைத் திணித்து, கையில் ஃபோனையும் கொடுத்துவிட்டு சோபாவில் சாய்ந்துவிடுவார். அந்த வீட்டில் இதற்குப் பெயர் செல்லம்.

வினை, கோடைக்கால முகாமில் ஆரம்பித்தது. ஏரிக்கரையில் கூடாரம், சனி ஞாயிறு குடும்பத்தோடு தங்கல். ஏற்பாடு செய்தது மனைவி. அவள் பல் டாக்டர். "வலிக்காது, வாயைத் திறங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் பல் தட்டில் கிடக்கும்.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போதே பெட்டிக்குள் துண்டுகளை அடுக்கிக்கொண்டே அவள்தான் சொன்னாள்.

"ஏங்க, அங்க ஒரு வழக்கமாம். சனிக்கிழமை காலையில விசில் ஊதி பிள்ளைங்களை விட்டுடுவாங்களாம். அம்மாவோ அப்பாவோ, யார்கிட்ட ஓடுதுங்களோ அவங்கதான் அன்னிக்குப் பூரா பிள்ளைங்களோட மாரடிக்கணும்."

"இன்னொருத்தர்?"

"அவங்களுக்கென்ன! மரத்துக்கு மரம் வலை ஊஞ்சல் கட்டியிருக்காங்களாம். படுத்தா சாயங்காலம் எழுந்தாப் போதும். அந்த யோகம் எனக்குத்தான். செல்லம் குடுக்கிறது நீங்கதானே? உங்ககிட்டதான் ஓடி வருவாங்க."

வலை ஊஞ்சல்! ஏரிக்காற்று! மெத்தைக்காரருக்கு அதன் பிறகு மனைவி பேசிய எதுவும் காதில் ஏறவில்லை. ஒரு நாள் தூக்கம். முழுசாக ஒரு நாள்! அதற்காக ஒரு வாரம் வில்லனாக இருந்தால்தான் என்ன?

அன்று மாலையே முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

"சாக்லேட் எங்கப்பா?"

"சாக்லேட்டும் கிடையாது, ஃபோனும் கிடையாது! இனிமே வாய்ப்பாடு, குளியல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் என் பொறுப்பு. எடு புஸ்தகத்தை!"

"லீவுல என்னங்க வாய்ப்பாடு?" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. பிள்ளைங்க விஷயத்துல தலையிடாதே."

"ஐயய்யோ, நான் ஏன் தலையிடப் போறேன்?" என்று அவள் ஒரு நாவலை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மெத்தைக்காரர் பின்னிப் பெடலெடுத்தார். குளியலறையில் சோப்பு போட்டுத் தேய்த்த தேய்ப்பில் இரண்டும் போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டது. நகம் வெட்டினார். தட்டில் ஒரு துண்டு காய்கூட மிஞ்சவிடாமல் எதிரே உட்கார்ந்து முறைத்தார். படுக்கையில் பெரியவள் கதை கேட்டாள்.

"கதையாவது, கத்தரிக்காயாவது! மெத்தையில மூணு வகை. நார் மெத்தை, பஞ்சு மெத்தை, ஸ்பிரிங் மெத்தை. சொல்லு பார்ப்போம்!"

சொன்னார்கள்.

"அப்புறம்பா?"

"அப்புறம் ஒண்ணுமில்ல, தூங்கு!"

சின்னவன் உதட்டைப் பிதுக்கி அழுதான். மெத்தைக்காரருக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. ஆஹா, பயல் வெறுக்க ஆரம்பித்துவிட்டான்!

மறுநாள் அவர் வீடு திரும்பும்போது இரண்டு பேரும் புஸ்தகத்தோடு வாசலிலேயே நின்றார்கள். பயம்தான், வேறென்ன? அதற்கடுத்த நாள் நகம் வளரவே இல்லை, இருந்தாலும் வெட்டச் சொல்லிக் கையை நீட்டினார்கள். கிலி பிடித்துவிட்டது என்று முடிவு செய்தார். ஒரு கணம் மனசு உறுத்தத்தான் செய்தது. வலை ஊஞ்சலை நினைத்துச் சமாளித்துக்கொண்டார்.

"பாவங்க பிள்ளைங்க, உங்களைப் பார்த்தாலே நடுங்குதுங்க" என்று மனைவி வேறு பெருமூச்சு விட்டாள். "சனிக்கிழமை என் தலையிலதான் விடியப்போகுது."

"தாய்ப்பாசம்னா சும்மாவா!" என்றார் மெத்தைக்காரர், பெருந்தன்மையோடு.

சனிக்கிழமை விடிந்தது. முகாமை நடத்துபவர் ஓய்வு பெற்ற விளையாட்டு வாத்தியார். கழுத்தில் தொங்கும் விசிலால் அவருக்கு விசில் மாமா என்றே பெயர். புல்வெளியின் ஒரு பக்கம் பிள்ளைகள், எதிர்ப்பக்கம் பெற்றோர். மெத்தைக்காரர் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே வந்து நின்றார். அவ்வளவு நம்பிக்கை!

விசில் பறந்தது.

பெரியவளும் சின்னவனும் ஓடி வந்தார்கள். மனைவியிடம் போக வசதியாக இவர் ஒதுங்கி வழிவிட்டார். வந்த வேகத்தில் ஒருத்தி இடுப்பிலும் ஒருத்தன் கழுத்திலும் ஏறிக்கொண்டார்கள். தலையணை புல்லில் விழுந்தது.

"டேய், அம்மா அங்க நிக்கிறா!"

"அம்மா எப்பவும்தான் இருக்காங்க" என்றாள் பெரியவள். "நீங்க இப்பதாம்ப்பா எங்களோட விளையாடவே ஆரம்பிச்சிருக்கீங்க!"

சந்தோஷப்படுவதா துக்கப்படுவதா என்று மெத்தைக்காரருக்கே பிடிபடவில்லை. அதற்குள் மனைவி கீழே கிடந்த தலையணையைத் தட்டி எடுத்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் நடந்துவிட்டாள்.

பிறகென்ன? சாக்கு ஓட்டம். கயிறு ஏற்றம். படகில் துடுப்புப் போட்டது அவர், கட்டளை போட்டது சின்னவன். சேற்றில் கோட்டை கட்டி, அதை இடித்து, மறுபடி கட்டினார்கள். ஒவ்வொரு முறை வலை ஊஞ்சலைக் கடக்கும்போதும் மனைவி கையாட்டினாள். மதியத்துக்குப் பிறகு கையும் ஆடவில்லை, குறட்டைதான் கேட்டது.

சாயங்காலம் நொண்டிக்கொண்டே விசில் மாமாவைப் பிடித்தார்.

"சார், உங்க முகாம்ல இப்படி ஒரு வழக்கம் வச்சிருக்கீங்களே, அடுக்குமா?"

"வழக்கமா? இந்த வருஷம்தாங்க ஆரம்பிச்சோம்! உங்க வீட்டம்மா போன மாசம் ஃபோன்ல குடுத்த யோசனை. பிரமாதமா இருந்துச்சுல்ல?"

மெத்தைக்காரர் அப்படியே திரும்பி வலை ஊஞ்சலை நோக்கிப் போனார். மனைவி சோம்பல் முறித்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! ஒரு நாள் தூங்கறதுக்காகவா என்னை ஒரு வாரம் இந்தப் பாடு படுத்தினே?"

"ச்சே, ஒரு நாள் தூக்கத்துக்கு யாராவது இவ்வளவு மெனக்கெடுவாங்களா?" என்றாள் அவள், தலையணையை அவர் கையில் கொடுத்தபடி. "திங்கக்கிழமையிலேர்ந்து சாயங்காலமும் கிளினிக் திறக்கிறேங்க. போர்டுகூட மாத்தியாச்சு."