திட்டாமல் கழிந்த மூன்று ஞாயிறுகள்

கள்ளக்குறிச்சி,
புதன்கிழமை.

உறவிலே எனக்கு இளையவரும் ஊழியத்திலே எனக்கு மேலானவருமாகிய பாஸ்டர் கலையரசன் மாப்பிள்ளை அவர்களுக்கு,

ஓய்வு பெற்ற கண்டக்டரும் இந்நாள் மலை ஊழியனுமாகிய உங்கள் மச்சான் ஜெயப்பிரகாஷ், ஆண்டவர் பெயரால் தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நானும் வீட்டுக்காரி ஜெயசுதாவும் கர்த்தருடைய கிருபையாலும் சர்க்கரை மாத்திரையாலும் சுகம். சங்கராபுரத்தில் நீங்களும் என் தங்கச்சியும் சபையாரும் அதைவிடச் சுகமாக இருப்பீர்கள். அங்கேதான் உங்களை எதிர்த்துப் பேச நான் இல்லையே.

உங்கள் கடிதத்தை நான் மறக்கவில்லை. 'மூன்று ஞாயிறு யாரையும் கண்டிக்காமல் அன்பாக மட்டும் பேசிப் பாருங்கள், முடியாவிட்டால் நாலாவது ஞாயிறு முதல் வீரமணி தம்பி மலைக்குப் போகட்டும்' என்று எழுதியிருந்தீர்கள். எல்லாம் அந்தப் பச்சமுத்து விஷயத்தால் வந்தது. இனிமேல் குடிக்க மாட்டேன் என்று கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னவன், பத்தே நாளில் தள்ளாடிக்கொண்டு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறியிருக்கிறான். அந்த பஸ்ஸின் கண்டக்டர் என்னிடம் வேலை பழகியவன், எனக்குப் போன் பண்ணிவிட்டான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, "பச்சமுத்து, நேத்து நீ எந்த நெலமையில பஸ் ஏறுனேன்னு நான் சொல்லட்டுமா, நீயே சொல்றியா?" என்று கேட்டேன். அவன் சொல்லவில்லை, நானே சொன்னேன். அவன் மகள் தனுஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனான். இரண்டு மாதமாக வரவில்லை. பாவத்தைப் பாவம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது மாப்பிள்ளை? நான் அப்போதும் சரி, இப்போதும் சரி. ஆனாலும் மேலதிகாரி சொன்னால் கேட்கிறவன் நான். உங்கள் பரீட்சையை எழுதி முடித்துவிட்டேன். முடிவைக் கீழே காண்க.

முதல் ஞாயிறு. முப்பத்தொரு வருஷம் கடைசி சீட்டுக்குக் கேட்கும்படி கத்திய தொண்டையை, பக்கத்து சீட்டுக்கு மட்டும் கேட்கும்படி இறக்கினேன். இரண்டாவது வரியில் இருந்த காசியம்மாளுக்கே ஒன்றும் கேட்கவில்லை. காசியம்மாள் யாரென்று உங்களுக்கு நினைவிருக்கும், மீசை முளைத்த பேரனுக்கு அரை டிக்கெட் கேட்டவர். அந்த அம்மாள் பிரசங்கத்தின் நடுவிலே எழுந்து வந்து, "இன்னா கண்டக்டரே, தொண்ட கட்டிக்கிச்சா? மொளகு தட்டிப் போட்டு வெந்நி வெச்சாரட்டுமா?" என்று கேட்டார். "இல்லம்மா, அன்பா பேசிக்கினு இருக்கேன்" என்றேன். அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார். வழக்கமாக முன்வரிசையில் தூங்குகிற ஒருவர் அன்றைக்கும் தூங்கினார். பழைய நானாக இருந்தால் 'ஸ்டாப்பிங் வந்தாச்சு, எறங்கு' என்று எழுப்பியிருப்பேன். இரக்கமாக என் துண்டை எடுத்து அவர் மேல் போர்த்தினேன். பாம்பு விழுந்துவிட்டது என்று அலறிக்கொண்டு எழுந்தவர், தான் ஓடியது போதாதென்று பின்னால் இருந்த நாலு பேரையும் சேர்த்துக்கொண்டு ஓடினார். அன்றைய கூட்டம் அத்தோடு முடிந்தது.

இரண்டாம் ஞாயிறு. பிரசங்கமே வேண்டாம், வீடு வீடாகப் போய் நலம் விசாரிப்போம் என்று கிளம்பினேன். "ஒடம்பு எப்பிடி இருக்கும்மா, கொல்லையில வேல எப்பிடி?" என்று நான் கேட்கக் கேட்க அவர்கள் முகம் வெளுக்கிறது. ஒரு வீட்டில் ரேஷன் கார்டை எடுத்து வந்து காட்டினார்கள். அடுத்த வீட்டில் ஓர் அம்மாள் கணவனைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தார். நடுவிலே மறித்து அவருடைய குறையையும் எடுத்துச் சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் கேட்டேன். மாலை பஸ் போய்விட்டது. பயணிகளுக்கு நேரம் தவறாமையைப் போதித்த நான், மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றிய வண்டியில் மூட்டை மேல் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு கிழங்கோடு கிழங்காக உருண்டு, கச்சிராயபாளையம் வந்து இறங்கினேன். அங்கே டீக்கடையில் நின்ற டிரைவர்கள் எல்லாரும் என்னோடு வேலை பார்த்தவர்கள். அவர்கள் சிரித்ததை நான் எழுத மாட்டேன்.

மூன்றாம் ஞாயிறுதான் முக்கியம். வழக்கமாக இருபது பேர் வருகிற இடத்தில் அறுபத்திரண்டு தலை. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன், அந்தப் பழக்கம் போகாது. ஜெபத்துக்கே வராதவர்கள், நான் திட்டியதால் வராமல் நின்றவர்கள், பச்சமுத்துவைத் தவிர எல்லாரும் வந்திருந்தார்கள். அன்பு ஜெயித்துவிட்டதோ என்று ஒரு நிமிஷம் நானே ஆடிப்போனேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. கண்டக்டர் திட்டுவதை நிறுத்திவிட்டார், வீடு வீடாகப் போய் விடை பெற்றுக்கொண்டிருக்கிறார், டாக்டர் கைவிட்டுவிட்டார் என்று மலை முழுக்கப் பேச்சு! என்னை நடுவிலே உட்கார வைத்துவிட்டார்கள். காசியம்மாள் என் தலையில் கை வைத்து, "ஆண்டவரே, இந்த மனுசன் கத்துவாரு, ஆனா கெட்டவரு இல்ல. மழையில நனைஞ்சிக்கினு நம்மளத் தேடி மலையேறி வர்றவரு. அவருக்கு மறுபடியும் கத்தற தெம்பக் குடுப்பா" என்று ஜெபித்தார். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அறுபத்திரண்டு பேரும் அழுகிற இடத்தில் யாருக்குக் கேட்கும்? நானும் கொஞ்சம் அழுதேன். அது சூழ்நிலை.

ஆகவே மாப்பிள்ளை, முடிவு உங்களுக்கே தெளிவாகத் தெரிந்திருக்கும். அந்த ஜனங்களுக்கு என் கண்டிப்பு வேண்டும். அது இல்லாமல் மூன்று வாரம்கூட அவர்களால் இருக்க முடியவில்லை. திரும்பத் தரும்படி ஆண்டவரிடமே விண்ணப்பம் போட்டுவிட்டார்கள், நடுவிலே நீங்கள் யார் மறுக்க? வீரமணி நல்ல பையன், மெதுவாகப் பேசுகிறவன். அவனை மணலூர்பேட்டைக்கு அனுப்புங்கள், சமவெளிக்காரர்களுக்கு அது ஒத்துவரும். பச்சமுத்து ஒருவனுக்காக மலையை என்னிடமிருந்து எடுக்க வேண்டாம். ஒரு பஸ் என்றால் ஒருவர் கோபித்துக்கொண்டு இறங்கத்தான் செய்வார். வருகிற ஞாயிறு வழக்கமான குரலிலேயே போவதாக இருக்கிறேன்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் படிப்பிலும் பக்தியிலும், முக்கியமாகப் படிப்பிலும், பெருகும்படி வாழ்த்துகிறேன். சபை மூப்பர்கள் அனைவருக்கும், என்னைப் பற்றி உங்களுக்கு எழுதியவர் உட்பட, தோத்திரம்.

இப்படிக்கு,
கண்டிப்பு மாறாத
ஜெயப்பிரகாஷ்

பி.கு.: உறையில் பசை தடவிக்கொண்டிருக்கும்போது வாசலில் பச்சமுத்து. நான் சாகக் கிடக்கிறேன் என்று கேள்விப்பட்டு, ஒரு பை சாமை அரிசியோடு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறான். நான் எழுந்து நிற்பதைப் பார்த்ததும் அவனுக்குத்தான் எவ்வளவு சந்தோஷம்! காப்பி கொடுத்துவிட்டு, ஏன் கூட்டத்துக்கு வருவதில்லை என்று கேட்டேன்.

"தனுஷா வர மாட்டேங்குது அண்ணே. அத வுட்டுட்டு நான் மட்டும் எப்பிடி வர்றது? எங்கப்பா குடிய வுட்டுட்டாருன்னு ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்திச்சி. ஏழாவது படிக்கிற புள்ள. நீங்க சொன்னது நெசந்தாங்க, நான் இல்லேன்னு சொல்லல. எங்கிட்ட தனியா சொல்லியிருந்தா கால்லயே வுழுந்திருப்பேன். அந்தப் புள்ள முன்னாடி சொல்லிட்டீங்க."

இப்போதும் குடிக்கிறாயா என்று கேட்டேன். "அன்னிக்கு வுட்டதுதாண்ணே. ரெண்டு மாசம் ஆச்சி. ஆனா இப்ப சொன்னா அது நம்ப மாட்டேங்குது" என்றான்.

பார்த்தீர்களா, என் கண்டிப்பால் குடியை விட்டுவிட்டான் என்று உங்களுக்குப் பெருமையாக எழுதத்தான் பேனாவைத் திரும்ப எடுத்தேன். எழுத வரவில்லை மாப்பிள்ளை. அப்பனைத் திருத்தப் போய் ஒரு பிள்ளையைத் தலைகுனிய வைத்துவிட்டேன். அன்றைக்கு அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீரமணியே பிரசங்கம் பண்ணட்டும். நானும் அவனோடு பஸ் ஏறுவேன், ஆனால் பச்சமுத்து வீட்டில் இறங்கிக்கொள்வேன். ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் அறுபத்து மூன்று வயசுக்காரன் எப்படி மன்னிப்புக் கேட்பது, முதல் வார்த்தை என்ன சொல்வது? எனக்குத் தெரியவில்லை. நீங்கள் பாஸ்டர், உங்களுக்குத் தெரிந்திருக்கும். சனிக்கிழமைக்குள் போன் பண்ணிச் சொல்லுங்கள்.